அம்மாவின் தொண்டைக்கு மருந்து

எனக்குத் தொண்டை கட்டினால் அந்தச் செய்தி மூன்று வீட்டுக்குத் தெரிந்துவிடும். யாரும் போய்ச் சொல்ல வேண்டியதில்லை, இருமினால் போதும். கட்டுகஸ்தோட்டையிலிருந்து மடவளைக்குப் போகும் பாதையில் ஒரு மேட்டை வெட்டிச் சமப்படுத்தி, ஒரே கூரையின் கீழ் மூன்று வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார்கள். நடுவீடு எங்களுடையது. இடப்பக்கத்தில் யாழ்ப்பாணத்து ரீச்சர் தனியாக இருந்தார். டவுனில் ஒரு பெண்கள் பாடசாலையில் கணக்குப் படிப்பித்தார். வலப்பக்கத்தில் மடவளையைப் பிறந்த ஊராகக் கொண்ட ஒரு முஸ்லிம் அக்காவும் அவருடைய கணவரும். அக்காவை அவர்கள் ராத்தா என்பார்கள். நாங்களும் ராத்தா என்றே கூப்பிட்டோம். எங்கள் வீட்டில் அப்பாவும் நானும், என்னைப் பார்த்துக்கொள்வதற்காகக் கலஹா தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்திருந்த அத்தையும். அத்தை அப்பாவின் தங்கை. அம்மா குவைத்தில் இருந்தாள்.

நான் தரம் இரண்டில் படிக்கும்போது அம்மா போனாள். அங்கே ஒரு வீட்டில் சமையலும் பிள்ளை பார்ப்பதும் வேலை. வெள்ளிக்கிழமை பின்னேரம் மட்டும் போன் எடுக்க விடுவார்கள். எங்கள் வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. பின்பக்கத்தில் மூன்று வீட்டுக்கும் பொதுவான தண்ணீர்க் குழாய் இருந்தது, அதன் பக்கத்தில் ஒரு துவைகல். அந்தக் கல்லின் மேல் ஏறி மலைப்பக்கம் திரும்பி நின்றால் மட்டும் குரல் தெளிவாக வரும். அதனால் வெள்ளிக்கிழமை பின்னேரம் அந்தக் கல் என்னுடையது. யாரும் அந்த நேரத்தில் துணி துவைக்க வருவதில்லை. ஆனால் மூன்று வீட்டுப் பின்கதவும் திறந்திருக்கும், காய் நறுக்குகிற சாக்கில் ராத்தாவும், புத்தகம் திருத்துகிற சாக்கில் ரீச்சரும் வாசற்படியில் உட்கார்ந்திருப்பார்கள். என் அம்மாவின் போனில் எங்கள் வீட்டுக்கு எவ்வளவு பாத்தியதையோ அவ்வளவு பாத்தியதை அவர்களுக்கும் இருந்தது.

பேசுவது முழுக்க நான்தான். பள்ளிக்கூடத்தில் யார் யாரை அடித்தது, அத்தை கறியில் உப்புப் போட மறந்தது, பக்கத்துக் காட்டில் பன்றி வந்தது என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பேன். அம்மா அந்தப் பக்கத்தில் "ம்... ம்..." என்பாள். அவ்வளவுதான். ஆனால் அந்த "ம்"முக்காக நான் வாரம் முழுக்கச் செய்திகளைச் சேர்த்து வைப்பேன். சில வாரங்களில் எதுவும் நடக்காது. அப்போது நானே ஏதாவது நடத்தி வைப்பேன்.

"இவ கொரலக் கேட்டாத்தான் அண்ணிக்கு அடுத்த வெள்ளி வரைக்கும் தாங்கும்" என்று அத்தை ரீச்சரிடம் ஒருநாள் சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. என் குரல் கடல் தாண்டி ஒருவரைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்றால் சும்மாவா?

அப்படிப்பட்ட குரல்தான் ஒரு புதன்கிழமை காணாமல் போனது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை இல்லங்களாகப் பிரித்து நடத்துகிற இல்ல விளையாட்டுப் போட்டி. நான் ஓடவும் இல்லை, பாயவும் இல்லை. எங்கள் இல்லத்துக்காகக் கத்துகிற வேலையை மட்டும் எடுத்துக்கொண்டேன். வெயிலில் கத்தி, பிறகு மழையில் நனைந்து கத்தி, இடையில் சிவப்பு ஐஸ் பெக்கட் ஒன்றையும் உறிஞ்சி முடித்தேன். எங்கள் இல்லம் கடைசியாக வந்தது. மறுநாள் காலையில் அத்தையைக் கூப்பிட வாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது.

வெள்ளிக்கிழமைக்கு இடையில் ஒரே ஒரு பகல்தான் இருந்தது. அத்தைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முதலில் உப்புத் தண்ணீரைச் சுடவைத்துக் கொப்பளிக்கச் சொன்னாள். பிறகு அம்மியில் இஞ்சியைத் தட்டி, கொத்தமல்லியை வறுத்துப் போட்டு அவித்து, ஒரு பெரிய கோப்பை நிறையக் கொண்டுவந்தாள். தோட்டத்தில் எந்த நோய் வந்தாலும் முதலில் மல்லித் தண்ணிதான். பிறகுதான் அது என்ன நோய் என்று பார்ப்பார்கள். அது என் தொண்டையில் இறங்கியபோது நெருப்பைக் குடித்த மாதிரி இருந்தது.

அதற்குள் ரீச்சர் வந்துவிட்டார். அவருக்குக் கொத்தமல்லியின் மேல் பெரிய மதிப்புக் கிடையாது. யாழ்ப்பாணத்திலிருந்து அவருடைய தமக்கை பஸ்ஸில் அனுப்புகிற பெட்டியில் பனங்கற்கண்டும் வேர்க்கொம்பும் திப்பிலியும் வரும். மற்ற ஊர்க்காரர்கள் சுக்கு என்பதைத்தான் அவர் வேர்க்கொம்பு என்பார். இவற்றை மிளகோடு இடித்து, பசுப்பாலில் காய்ச்சி, "ஆற விடாமல் குடியும் பிள்ளை" என்று பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்துகொண்டார். கணக்கு ரீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தால் கோப்பையில் ஒரு துளியும் மிச்சம் வைக்க முடியாது.

பால் சளி கட்டும் என்று அத்தை என் காதில் முணுமுணுத்தாள். ரீச்சருக்கு அது கேட்டுவிட்டது. பாலைத் தனியாகக் குடித்தால்தான் சளி கட்டும், மிளகு சேர்ந்தால் கட்டாது என்று அவர் ஒரே பிடியாக நின்றார். இரண்டு பேருக்கும் நடுவில் என் வயிறு இருந்தது. அதை யாரும் யோசிக்கவில்லை.

ராத்தா கொஞ்சம் தாமதமாக, ஆனால் வலுவான ஆயத்தத்தோடு வந்தார். ஒரு சின்னக் கிண்ணத்தில் தேன், அதில் பொடித்த கருஞ்சீரகம். "பிஸ்மி செல்லிட்டு நக்குங்க மகள். மவுத்தத் தவிர எல்லாத்துக்கும் இதுல மருந்து ஈக்கிது" என்றார். மவுத்து என்றால் மரணம். பேச்சே வராத நான் பிஸ்மியை மனதுக்குள் சொல்லிவிட்டு நக்கினேன். அது ஒன்றுதான் எனக்குப் பிடித்திருந்தது. தேன் சில்லென்று இருக்கிறதே என்று அத்தை அடுப்பில் வைக்கப் போக, தேனைச் சுடவைத்தால் நஞ்சு என்று ரீச்சர் பாய்ந்து தடுக்க, அந்த ஒரு விஷயத்தில் ரீச்சரும் ராத்தாவும் ஒரே கட்சியானார்கள். வாழைப்பழம் குளிர், அன்னாசி கரப்பான், தயிரைக் கண்ணாலும் பார்க்கக் கூடாது என்பதில் மட்டும் மூன்று பேருக்கும் கருத்து வேறுபாடே இல்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு ராத்தா நோன்புக்குக் காய்ச்சுகிற கஞ்சியை, நோன்பே இல்லாத மாதத்தில் எனக்காகக் காய்ச்சிக் கொடுத்தார். தேங்காய்ப்பாலும் வாசத்துக்கு ரம்பை இலையும் இஞ்சியும் பூண்டும் போட்டது. தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கியது. எனக்காக இத்தனை பேர் இத்தனை அடுப்பில் நின்றார்கள் என்பது இப்போதுதான் விளங்குகிறது. அப்போது எனக்கு அது என் பெருமையாகத்தான் பட்டது.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது குரல் வந்திருந்தது. வாத்து கத்துவது மாதிரிதான் வந்தது, ஆனாலும் வந்தது. உடனே அடுத்த சண்டை தொடங்கியது. மல்லித் தண்ணி என்றாள் அத்தை. வேர்க்கொம்பு வேலை செய்ய ஒரு ராத்திரி எடுக்கும், அதுதான் விடிய வந்திருக்கிறது என்று ரீச்சர் கணக்குப் போட்டுக் காட்டினார். ராத்தா சிரித்தார். வெற்றி யாருக்கு என்று அவருக்குத் தெரியுமாம், அந்த மாதிரி ஒரு சிரிப்பு.

அன்று பின்னேரம் நான் துவைகல்லின் மேல் ஏறி நின்றேன். சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. ஐஸ் பெக்கட்டை மட்டும் மறைத்துவிடலாம் என்று முடிவு செய்திருந்தேன். மலைப்பக்கம் வெளிச்சம் குறைந்தது. ராத்தா நறுக்க வேண்டிய காயெல்லாம் முடிந்து வெறும் கத்தியோடு உட்கார்ந்திருந்தார். பள்ளிவாசலில் பொழுது சாய்ந்ததும் தொழுகிற மஃரிபுக்குப் பாங்கு சொன்னார்கள். போன் வரவில்லை.

அடுத்த வெள்ளியும் வரவில்லை. அப்பா வேலைக்கு லீவு போட்டுவிட்டு டவுனில் இருக்கிற, அம்மாவைக் குவைத்துக்கு அனுப்பிய ஏஜென்சிக் கந்தோருக்குப் போனார். அவர் டவுனில் ஒரு இரும்புச் சாமான் கடையில் வேலை செய்தார், சும்மா லீவு போடுகிற ஆள் இல்லை. திரும்பி வந்தவர் சட்டையைக் கழற்றாமல் அப்படியே பின்படியில் உட்கார்ந்தார். அத்தை தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தாள். அது ஆறிப்போய், மேலே ஆடை படிந்து, பிறகு அத்தையே எடுத்துக் கொட்டினாள். கந்தோரில் அவருக்கு என்ன சொன்னார்கள் என்பது எனக்குத் தெரியவந்தது நான் பெரியவளான பிறகு. அம்மா வேலை செய்த வீட்டில் இப்போது அவள் இல்லை. வெளியே போனவள் திரும்பி வரவில்லையாம். எங்கே போனாள் என்று அந்த வீட்டுக்காரருக்கும் தெரியாது, கந்தோர்க்காரருக்கும் தெரியாது.

எனக்கு அன்று தெரிந்ததெல்லாம் போன் வரவில்லை என்பது மட்டும்தான். அத்தையின் சீலையைப் பிடித்து இழுத்து, அம்மா ஏன் எடுக்கவில்லை, ஏன் எடுக்கவில்லை என்று நச்சரித்தேன். என்மேல் கோபமா என்று கேட்டேன். போட்டியில் தோற்றது தெரிந்துவிட்டதா என்றும் கேட்டேன். அத்தை பானைக்குள் அகப்பையை விட்டு, கிண்ட வேண்டிய தேவையே இல்லாத சோற்றைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மாவுக்குத் தொண்ட கட்டிக்கிச்சாம்டி" என்றாள் கடைசியில், என் பக்கம் திரும்பாமல். "ஒனக்கு வந்துச்சே, அதே மாதிரி. சத்தமே வரலையாம். எப்புடிப் பேசுவாங்க?"

நான் உடனே நம்பிவிட்டேன். நம்பாமல் என்ன செய்வது? இரண்டு வாரத்துக்கு முன்பு வாயைத் திறந்து காற்றை மட்டும் விட்டவள் நான். அந்தக் கஷ்டம் எனக்குத் தெரியாதா? பேச ஆசையாக இருந்தும் பேச முடியாமல் அம்மா அங்கே போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நான் அப்படியே கண்ணால் கண்டேன். அழுகை வந்தது, ஆனால் ஒரு ஆறுதலும் வந்தது. அம்மாவுக்கு என்மேல் கோபம் இல்லை, வெறும் தொண்டைதான். தொண்டைக்குத்தான் எங்களிடம் மூன்று வீட்டு மருந்து இருக்கிறதே!

ராத்தாவின் தம்பி குவைத்தில் வாகனம் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரம் லீவில் மடவளைக்கு வந்திருந்தார், ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்துதான் திரும்பிப் போவார். அவர் கையில் மருந்து கொடுத்துவிட வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். சோறு வேண்டாம் என்றேன், பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்றேன். அத்தை வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். என்னை அதட்டி உட்கார வைப்பாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவள் எழுந்து ரீச்சர் வீட்டுக்குப் போனாள், பிறகு ராத்தா வீட்டுக்குப் போனாள். அன்று பின்னேரம் மூன்று பேரும் எங்கள் வீட்டு முன்னறையில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள்.

சண்டைக்குத் தயாராக நானும் போய் உட்கார்ந்தேன். எந்த மருந்து போக வேண்டும் என்று இவர்கள் அடித்துக்கொள்ளப் போகிறார்கள், நான்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. வேர்க்கொம்பையும் வைக்கலாமே என்றாள் அத்தை. கொத்தமல்லி முக்கியம், அது இல்லாமல் முடியாது என்றார் ரீச்சர். எனக்குக் காதை நம்ப முடியவில்லை. ராத்தா தேன் போத்தலின் வாயில் பொலித்தீன் வைத்துக் கட்டினார், அவிழ்த்து மறுபடி கட்டினார். ரீச்சர் தன் வீட்டுக்குப் போய்ப் பனங்கற்கண்டு டப்பாவை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தார். அதில் கொஞ்சம்தான் இருந்தது.

"என்னட்டை இருக்கிறது இவ்வளவுதான். எல்லாத்தையும் கொண்டு போகட்டும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அம்மாக்கு இனிப்பு விருப்பமோ பிள்ளை?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. அந்தக் கேள்விதான் என்னை உலுக்கியது. அம்மாவுக்கு இனிப்பு விருப்பமா, உறைப்பு விருப்பமா? அம்மா எனக்கு ஊட்டிவிட்டது நினைவிருந்தது, அவள் என்ன சாப்பிட்டாள் என்பது நினைவில் இல்லை. கோப்பையை எந்தக் கையால் பிடிப்பாள் என்று யோசித்தேன், அதுவும் வரவில்லை. குரல் மட்டும்தான் என்னிடம் மிச்சமிருந்தது, அதிலும் அந்த "ம்" மட்டும். நான் அம்மாவை மறந்துகொண்டிருக்கிறேன் என்று பயந்துபோய் அத்தையைப் பார்த்தேன். அத்தை தெரியாது என்று தலையை ஆட்டினாள்.

"இனிப்பு பிடிக்காது" என்றார் அப்பா. கதவுக்குப் பக்கத்தில் அவர் நின்றுகொண்டிருந்ததை அதுவரை யாரும் கவனிக்கவில்லை. "புளிப்புன்னா உசுரு. இவ வயித்துல இருக்கையில பிளிங்காயப் பறிச்சிப் பறிச்சி உப்புத் தொட்டுத் திம்பா. ஏசுவேன். கேக்க மாட்டா."

அதற்குப் பிறகு அப்பா உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. அந்த நாட்களில் அவர் வீட்டில் இருப்பதே எங்களுக்குத் தெரியாது. அன்று, அம்மா சோற்றில் கடைசிப் பிடியை எப்போதும் வெறும் ரசத்தோடு சாப்பிடுவாள் என்று சொன்னார். வெயில் காலத்திலும் சுடச்சுடத்தான் தண்ணீர் குடிப்பாளாம். கல்யாணமான புதிதில் பேராதனையில் பஸ் மாறும்போது மழையில் நனைந்து தடிமன் பிடித்து, மல்லித் தண்ணி கசக்கிறது என்று அவருக்குத் தெரியாமல் வெளியே ஊற்றிவிட்டாளாம். ராத்தா சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு கேட்டார். ரீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார். அப்படியானால் அம்மாவுக்குக் கொத்தமல்லியைக் குறைத்துத் தேனைக் கூட்ட வேண்டும் என்று நான் சொன்னேன். எல்லோரும் சரி என்றார்கள். அன்று நான் சொன்ன எதற்கும் யாரும் மறுப்புச் சொல்லவில்லை. ரீச்சர் மீன் கறிக்குப் போடுகிற கொறுக்காப் புளியில் ஒரு துண்டையும் எங்கிருந்தோ கொண்டுவந்து வைத்தார். தொண்டை வலிக்குப் புளிப்பு ஆகாது என்று அவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்.

அந்தப் பின்னேரத்தை நான் இப்போதும் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அம்மா போன பிறகு எங்கள் வீட்டில் அம்மாவைப் பற்றி அவ்வளவு நேரம் பேசியது அன்றுதான். அறை முழுக்க இஞ்சியும் திப்பிலியும் மணத்தது. எனக்கு அம்மா பக்கத்து அறையில் இருமிக்கொண்டு படுத்திருக்கிற மாதிரியும், நாங்கள் அவளுக்காக இங்கே காய்ச்சிக்கொண்டிருக்கிற மாதிரியும் இருந்தது. எழுந்து போய்ப் பார்த்தால் இருக்க மாட்டாள் என்று தெரியும். அதனால் எழும்பாமல் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் ராத்தாவின் வீட்டுக்கு அவருடைய தம்பி வந்தார். நான் பார்சலைக் கையில் எடுத்துக்கொண்டு போய், எதை எப்படிக் குடிக்க வேண்டும் என்று அவருக்கு விளக்கினேன். தேனைச் சுடவைக்கக் கூடாது, பாலில் மிளகு போடாமல் குடிக்கக் கூடாது, குடித்ததும் பேசக் கூடாது. அவர் குனிந்து, முகத்தில் சிரிப்பே இல்லாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அப்பா அம்மாவின் பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்றைப் பையிலிருந்து எடுத்து அவரிடம் கொடுத்தார். அதைக் கொடுத்த கையை உடனே எடுக்காமல் அப்படியே கொஞ்சம் வைத்திருந்தார். படம் எதற்கு என்று எனக்கு விளங்கியது. குவைத்தில் நிறையப் பேர் இருப்பார்கள், என் மருந்தை வேறு யாருக்கும் மாற்றிக் கொடுத்துவிடக் கூடாதே. அப்பா எவ்வளவு கவனமான ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

"நான் போய்ப் பாக்கிறன் நானா. எங்கட பொடியன்மார் நெறயப் பேர் ஈக்கிறாங்க. கேட்டுப் பாக்கிறன்" என்றார் அவர் அப்பாவிடம், அண்ணன் முறைக்கு நானா என்று கூப்பிட்டு. என்னைப் பார்த்து, மருந்து கட்டாயம் போய்ச் சேரும் மகள் என்றார். பார்சலை வாங்கிக்கொண்டார். எனக்கு அது போதும். அவர் கைக்குப் போய்விட்டது என்றால் அம்மாவிடம் போய்விட்டது என்றுதான் அர்த்தம்.

முன்பு வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வீட்டில் விட்டுப்போன போனை அப்பா அதற்குப் பிறகு எந்த நாளும் வேலைக்குக் கொண்டுபோகவில்லை. அம்மாவுக்குத் தெரிந்தது அந்த ஒரு இலக்கம்தான். போன் பகல் முழுக்கத் துவைகல்லின் மேல், மழைக்குப் பொலித்தீன் பையில் சுற்றப்பட்டு இருந்தது. மூன்று வீட்டுக்காரரும் துணியைக் கல்லில் அடிக்காமல் வாளிக்குள் வைத்தே கும்மினார்கள். ராத்தாவின் வீட்டுக்காரர்கூட அந்தப் பக்கம் போகும்போது குனிந்து ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் போவார்.

வெள்ளிக்கிழமை அல்லாத ஒரு நாளில், நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சோறு தின்றுகொண்டிருந்தபோது, அது அடித்தது. அத்தை ஓடினாள். "அண்ணி" என்று ஒரு சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. நான் எச்சில் கையோடு போய்ப் பார்த்தபோது அத்தை ஈரத் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். போன் ரீச்சரின் கையில் இருந்தது. "எங்கை நிக்கிறீங்கள்? ஆரோடை நிக்கிறீங்கள்? பயப்பிடாதையுங்கோ, ஆறுதலாச் சொல்லுங்கோ" என்று, வகுப்பில் அதட்டுகிற அதே ரீச்சர், கெஞ்சுகிற குரலில் கேட்டுக்கொண்டிருந்தார். ராத்தா மாவுக் கையோடு நின்று, அவர் திரும்பிச் சொல்கிற ஒவ்வொன்றுக்கும் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். ராத்தாவின் வீட்டுக்காரர் அப்பாவைக் கூட்டிவர மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. அம்மா என்னுடையவள், முறைப்படி நான்தானே முதலில் பேச வேண்டும்? கல்லின் மேல் ஏறி ரீச்சரின் கையிலிருந்து போனைப் பிடுங்கினேன்.

"அம்மா, தொண்ட சரியாயிருச்சா?"

அந்தப் பக்கம் எங்கேயோ பெண்கள் பேசுவதும் ஒரு கதவு சாத்துவதும் கேட்டது. இன்னும் சரியாகவில்லை போல என்று நினைத்தேன்.

"நான் அனுப்புன மருந்தக் குடிச்சீங்களா?"

"குடிச்சேன் தங்கம்." குரல் மெல்லியதாக வந்தது. பிறகு கொஞ்சம் பலமாக, "குடிச்சேன். குடிச்சதும் சரியாயிருச்சு" என்றாள்.

"எதுல சரியாச்சு? மல்லியா, தேனா?"

"எல்லாத்தையும் சேத்துதான்டா குடிச்சேன்."

நான் கல்லின் மேல் குதித்துத் திரும்பி, அம்மாவுக்குச் சரியாகிவிட்டதாம், என் மருந்துதானாம் என்று கத்தினேன். அவள் மூன்றையும் சேர்த்துச் சொன்னதால் மறுபடி ஒரு சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். யாரும் வெற்றி தனக்கு என்று சொல்லவில்லை. அத்தை முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். அன்றும் அம்மா அதிகம் பேசவில்லை. நான் விளையாட்டுப் போட்டியிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் "ம்" என்றாள். முன்பு ஒரு "ம்"முக்கும் அடுத்த "ம்"முக்கும் இடையில் இவ்வளவு நேரம் எடுக்க மாட்டாளே என்று மட்டும் எனக்குத் தோன்றியது.

அந்த வீட்டில் அவளுக்கு என்ன நடந்தது, எப்படி வெளியேறினாள், தூதரகத்தில் தன்னைப் போன்ற பெண்களோடு தங்கியிருப்பதற்கு முன்பு எங்கெல்லாம் அலைந்தாள் என்பதெல்லாம் அத்தை சொல்லித் துண்டு துண்டாகத் தெரிந்தவைதான். அடுத்த வருஷம் அம்மா திரும்பி வந்தாள். இன்று எங்களோடு இருக்கிறாள், என் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறாள். அந்த நாட்களைப் பற்றி நான் எப்போதாவது வாயெடுத்தால், "அப்ப எனக்குத் தொண்ட சரியில்லாம இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்க எழுந்துவிடுவாள். நானும் அதற்கு மேல் கேட்பதில்லை. கேட்க வேண்டும் போல இருக்கும், ஆனால் கேட்பதில்லை.

போன் வந்ததற்கு மறுநாள் காலையில் ராத்தா வீட்டுக்குப் போனேன். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இன்னும் நாள் இருந்தது, ராத்தாவின் தம்பி இன்னும் குவைத்துக்குப் புறப்படவில்லை. ராத்தா வீட்டைக் கழுவுவதற்காகச் சாமான்களையெல்லாம் கதிரைகளில் ஏற்றி வைத்திருந்தார். அலுமாரிக்குப் பக்கத்துக் கதிரையில் எங்கள் பார்சல் இருந்தது. அத்தை முடிச்சுப் போட்ட நூல், வாயில் பொலித்தீன் கட்டிய தேன் போத்தல், ரீச்சரின் டப்பா, எல்லாம் கட்டியது கட்டியபடி. நான் கிட்டப் போய்த் தொட்டும் பார்த்தேன். அம்மாவுக்குத்தான் சுகமாகிவிட்டதே, இனி இது சும்மாதானே கிடக்கும் என்று ராத்தாவிடம் சொன்னேன். ராத்தா விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு வந்தார். பிறகு நூலை அவிழ்த்து, டப்பாவைத் திறந்து, ஒரு பெரிய பனங்கற்கண்டாகப் பொறுக்கி என் கையில் வைத்தார். அதை வாயில் ஒதுக்கிக்கொண்டு, அம்மாவைக் குணப்படுத்திய மருந்து என்று வழியெல்லாம் பீற்றிக்கொண்டே பள்ளிக்கூடம் போனேன்.